ஊசியை நிறுத்திய பிறகு: செமாகுளுடைட், ஒரு நிகழ்வு ஆய்வு

எடை குறைக்கும் ஊசி பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறையும்?" அடுத்தது, "மாசம் எவ்வளவு ஆகும்?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: "நிறுத்தினால் என்ன ஆகும்?" பலருக்கு இது நாலைந்து மாதம் ஊசி போட்டு, சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆன பிறகுதான் தோன்றுகிறது. என் பார்வையில் முதல் ஊசி போடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

எடுத்துக்கொண்ட நிகழ்வு, 'ஸ்டெப் 1' என்ற மருத்துவப் பரிசோதனையும் அதன் நீட்சியும். டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் தயாரிக்கும் செமாகுளுடைட் மருந்தை, வாரம் ஒருமுறை 2.4 மில்லிகிராம் அளவில், நீரிழிவு இல்லாத உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு அது. 2021 பிப்ரவரியில் முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூனில், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்தை 'வெகோவி' என்ற பெயரில் உடல் பருமனுக்கு அனுமதித்தது. பத்திரிகைகளில் வந்ததெல்லாம் அந்த முதல் பகுதிதான். 68 வாரம் முடிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, ஒரு பகுதியினரை மட்டும் மேலும் ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். அந்த இரண்டாம் பகுதியில்தான் நாம் கற்க வேண்டியது அதிகம்.

மருந்து எங்கிருந்து வந்தது

நாம் சாப்பிட்டதும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள சில செல்கள் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. செமாகுளுடைட் இந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மருந்து. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுவது அதன் ஒரு வேலை. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது இன்னொன்று. மூளையின் ஹைப்போதலாமஸிலும் மூளைத்தண்டிலும் உள்ள ஏற்பிகள் வழியாக "போதும்" என்ற உணர்வைத் தருவது மூன்றாவது. உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஓரிரு நிமிடம்தான் தாங்கும். டி.பி.பி-4 என்ற நொதி அதை உடனே வெட்டிவிடும். ஓரிரு நிமிடத்தில் அழிந்துபோகிற ஒன்றை மருந்தாக்குவது எப்படி? விஞ்ஞானிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியது இந்தக் கேள்வியோடுதான்.

1980களின் தொடக்கத்தில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹாபெனரின் ஆய்வகம், ஆங்கிலர் என்ற கடல் மீனின் கணையத்தை வைத்து, இரத்தச் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானின் மரபணுவை ஆராய்ந்தது. அந்த மரபணுவுக்குள் குளுக்ககானைப் போன்ற வேறு புரதத் துண்டுகளும் ஒளிந்திருப்பது தெரிந்தது. அவற்றில் எந்தத் துண்டு உண்மையில் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததில் அதே மருத்துவமனையில் இருந்த வேதியியலாளர் ஸ்வெட்லானா மொய்சோவின் பங்கு பெரியது. 7 முதல் 37 வரையிலான அமினோ அமிலங்கள் கொண்ட துண்டே இன்சுலினைச் சுரக்கவைக்கிறது என்று எலியின் கணையத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் 1987இல் காட்டினார்கள். கோபன்ஹேகனில் ஜென்ஸ் யூல் ஹோல்ஸ்டின் குழுவும் அதே காலத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. மொய்சோவின் பெயர் நெடுங்காலம் இந்தக் கதையில் சொல்லப்படாமலே இருந்தது. காப்புரிமையில் தன் பெயரைச் சேர்க்க அவர் போராட வேண்டியிருந்தது. 2024இல் ஹாபெனர், மொய்சோவ், நோவோ நார்டிஸ்கின் லோட்டே பியர் நுட்சன் மூவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. தாமதமானாலும் கிடைத்ததே என்று மனதார மகிழ்கிறேன்.

நடுவில் ஒரு பல்லியும் வருகிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங், கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில் ஜி.எல்.பி-1ஐ ஒத்த ஒரு பொருள் இருப்பதை 1992இல் அறிவித்தார். மனித ஹார்மோனைப் போலவே வேலை செய்யும், ஆனால் நொதிக்குச் சட்டென்று இரையாகாது. அதிலிருந்து வந்த எக்ஸெனடைட் 2005இல் நீரிழிவுக்கு அனுமதி பெற்றது. ஒரு நாளைக்கு இரண்டு ஊசி போட வேண்டும்.

நுட்சனின் குழு வேறு வழியில் போனது. மனித ஹார்மோனையே எடுத்து, அதன் பக்கவாட்டில் ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டினார்கள். இரத்தத்தில் மிதக்கும் அல்புமின் புரதத்தை அந்தக் கொழுப்பு வால் பிடித்துக்கொள்ளும். அல்புமினோடு சேர்ந்து சுற்றுவதால் மருந்து சட்டென்று அழியாது. அப்படி வந்த லிராகுளுடைட்டின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 13 மணி நேரம். நாளுக்கு ஒரு ஊசி போதும். 2014 டிசம்பரில் அமெரிக்காவில் உடல் பருமனுக்கும் அனுமதி கிடைத்தது. சராசரியாக 8% எடை குறைந்தது.

செமாகுளுடைட் அதன் அடுத்த படி. டி.பி.பி-4 வெட்டும் இடத்தில் உள்ள எட்டாவது அமினோ அமிலத்தை மாற்றினார்கள். கொழுப்பு வாலையும் நீட்டினார்கள். அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரமானது. ஓரிரு நிமிட ஹார்மோன் ஒரு வார மருந்தாகிவிட்டது. 2017 டிசம்பரில் இது 'ஓஸெம்பிக்' என்ற பெயரில் நீரிழிவுக்காக வந்தது.

இந்த ஹார்மோனை எலியின் மூளைக்குள் செலுத்தினால் எலி சாப்பிடுவது குறைகிறது என்று லண்டனில் ஸ்டீவ் புளூமின் குழு 1996இலேயே காட்டிவிட்டது. அப்படியிருந்தும் எடை மருந்தாக வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எடை குறைப்பு மருந்துகளின் பழைய வரலாறு அதற்கு ஒரு காரணம். ஃபென்-ஃபென் என்ற கூட்டு மருந்து இதய வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ரிமோனபான்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுவதால் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. சிபுட்ரமின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் போனது. புதிய ஊசிகளைப் பற்றி வயதான மருத்துவர்கள் சிலர் தயங்கிப் பேசினால் அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

68 வாரம்

ஸ்டெப் 1இல் 16 நாடுகளைச் சேர்ந்த 1,961 பேர் சேர்ந்தார்கள். சராசரி எடை 105 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. சராசரியாக ஏறத்தாழ 38. நான்கில் மூன்று பேர் பெண்கள். மூவரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரு பிரிவினருக்கும் நாலு வாரத்துக்கு ஒருமுறை உணவு ஆலோசனை உண்டு. நாளுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிட வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடலுழைப்பு வேண்டும்.

ஊசியை எடுத்த எடுப்பில் முழு அளவில் போடுவதில்லை. முதல் நாலு வாரம் 0.25 மில்லிகிராம். அப்புறம் 0.5, 1, 1.7 என்று நாலு நாலு வாரமாக ஏற்றி, பதினேழாவது வாரத்தில்தான் 2.4ஐத் தொடுகிறார்கள். இவ்வளவு மெதுவாகப் போவதற்குக் காரணம் குமட்டல். வேகமாக ஏற்றினால் வயிறு தாங்காது. வயிற்றிலோ தொடையிலோ மேற்கையிலோ தோலுக்குக் கீழே போடும் சின்ன ஊசி இது. ஊசி குத்தும் வலி இதில் பெரிய விஷயமே இல்லை. பல பேரைச் சிரமப்படுத்துவது அடுத்த இரண்டு மூன்று நாள் வயிற்றைப் புரட்டுவதுதான்.

68 வாரம் கழித்து மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9% குறைந்திருந்தது. வெற்று ஊசிப் பிரிவில் 2.4%. கிலோவில் சொன்னால் 15.3, மற்றப் பக்கம் 2.6. மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் 20 சதவீதத்துக்கும் மேல் எடை இழந்தார். அதற்கு முன் அறுவை சிகிச்சையில்தான் இந்த மாதிரி எண்களைப் பார்க்க முடிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மருந்து பெற்றவர்களில் 74% பேருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் என்று ஏதாவது ஒரு வயிற்றுத் தொல்லை இருந்தது. வெற்று ஊசிப் பிரிவிலும் 48% பேர் அதைச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெரும்பாலும் மிதமானவை, அளவை ஏற்றும் காலத்தில் வந்து தணிந்தவை. வயிற்றுத் தொல்லையால் மருந்தையே விட்டவர்கள் 4.5%.

140 பேருக்கு மட்டும் உடலமைப்பு ஸ்கேன் எடுத்தார்கள். குறைந்த எடை முழுவதும் கொழுப்பாக இருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடை. உடலின் மொத்த எடையில் கொழுப்பின் விகிதம் குறைந்ததென்னவோ உண்மைதான். ஆனாலும் அறுபது வயதைத் தாண்டியவருக்குத் தசை போவது சாதாரண விஷயம் கிடையாது. மாடிப்படி ஏற, கீழே உட்கார்ந்து எழ, தடுக்கினால் விழாமல் சமாளிக்க அந்தத் தசைதான் வேண்டும்.

அதன் பிறகு வந்த ஓராண்டு

68ஆவது வாரத்தில் ஊசி நின்றது. உணவு ஆலோசனையும் நின்றது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். 327 பேரை மட்டும் 120ஆவது வாரம் வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 228 பேர் மருந்து பெற்றிருந்தவர்கள்.

இந்த 228 பேரும் ஊசி நிற்கும்போது சராசரியாக 17.3% எடை குறைந்திருந்தார்கள். ஓராண்டில் அதில் 11.6 சதவீதப் புள்ளிகள் திரும்ப வந்துவிட்டன. மிஞ்சியது 5.6%. இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. 100 கிலோ இருந்த ஒருவர் 83 கிலோவுக்கு வந்து, ஓராண்டு கழித்து 94க்குப் போய் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. சர்க்கரையிலும் கொழுப்பு அளவுகளிலும் கிடைத்த நன்மையில் பெரும்பகுதி கரைந்தது. ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஏறத்தாழ பாதிப் பேரிடம் 120ஆவது வாரத்திலும் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைவு தங்கியிருந்தது.

ஆலோசனையும் சேர்ந்து நின்றதால்தான் எடை ஏறியதோ என்ற சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் ஸ்டெப் 4 என்ற வேறோர் ஆய்வில் இருக்கிறது. 20 வாரம் எல்லோருக்கும் செமாகுளுடைட் கொடுத்தார்கள். சராசரியாக 10.6% குறைந்தது. பிறகு 803 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மறு பகுதிக்குச் சொல்லாமல் வெற்று ஊசிக்கு மாற்றினார்கள். ஆலோசனை இரு பகுதிக்கும் தொடர்ந்தது. அடுத்த 48 வாரத்தில் மருந்து தொடர்ந்தவர்கள் மேலும் 7.9% குறைந்தார்கள். மாற்றப்பட்டவர்கள் 6.9% ஏறினார்கள். ஒரே ஆலோசனை, ஒரே உணவுத் திட்டம். மருந்து இருந்ததா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எலி லில்லி நிறுவனத்தின் டிர்ஸெபடைட், ஜி.எல்.பி-1ஓடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் ஏற்பியையும் தூண்டும் மருந்து. இன்னும் வலுவானது. சர்மவுண்ட் 1 ஆய்வில் மிக உயர்ந்த அளவில் 72 வாரத்தில் 20.9% குறைந்தது. அதற்கும் நிறுத்திப் பார்த்த ஆய்வு உண்டு, சர்மவுண்ட் 4. 36 வாரத்தில் சராசரியாக 20.9% குறைந்தவர்களில் ஒரு பகுதியினரை வெற்று ஊசிக்கு மாற்றினார்கள். அடுத்த ஓராண்டில் அவர்களுக்கு 14% ஏறியது. மருந்து மாறினாலும் நிறுத்தினால் நடப்பது மாறவில்லை.

ஏன் திரும்புகிறது

இங்கேதான் நம் ஊரில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் வரும்: "வாயைக் கட்ட முடியலை." இதை மருத்துவரே சொல்லிக் கேட்டவர்கள் நிறையப் பேர். இந்தப் பேச்சு நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அறிவியல் சொல்வது வேறு.

1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்பு செல்களே சுரக்கும் ஹார்மோன் அது. எடை குறைந்தால் லெப்டின் விழும். மூளை அதைப் பஞ்சம் என்று புரிந்துகொள்ளும். பசி ஏறும், செலவாகும் ஆற்றல் குறையும்.

மெல்பர்னில் பிரியா சுமித்ரன், ஜோசப் ப்ரொயெட்டோ உள்ளிட்டோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் படிக்க வேண்டிய முதல் கட்டுரை. 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். பசியைத் தூண்டும் க்ரெலின் ஏறியது, வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹார்மோன்கள் இறங்கின. எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓராண்டு கழித்து அளந்தபோதும் அவை பழைய நிலைக்கு வரவில்லை. எடை ஓரளவு திரும்பியிருந்தது, பசி மட்டும் தணியவே இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆய்வாளர் கெவின் ஹால் பரிசோதித்தார். அவர்கள் உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், இருக்க வேண்டிய அளவைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது.

இதையும் ஸ்டெப் 4இன் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடுகிறது. உடல் தன் பழைய எடையைப் பிடித்துவைக்கப் பார்க்கிறது. மருந்து அந்த இழுப்பை எதிர்த்து நிற்கிறது. மருந்தை எடுத்துவிட்டால் இழுப்பு மட்டும் மிஞ்சும். ஊசி போட்டுக்கொள்பவர்கள் பலர் சொல்வது, மனதுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கிவிட்டது என்பதுதான். நாலு இட்லிக்குப் பழகியவர் மூன்றாவதை எடுக்காமலே எழுந்துவிடுகிறார், அதற்காகப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. மருந்து நின்ற சில வாரங்களில் அந்த நினைப்பு திரும்பி வருகிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிறது. அதற்காக நாம் யாரையும் மனவுறுதி இல்லாதவர் என்று சொல்வதில்லையே.

நடைமுறை என்ன செய்தது

ஆய்வு சொன்னது ஒன்று, உலகம் செய்தது வேறு. இங்கிலாந்தில் எந்த மருந்துக்குப் பொதுப்பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் 'நைஸ்' அமைப்பு, 2023 மார்ச்சில் வெகோவியை ஏற்றுக்கொண்டது. ஆனால் சிறப்பு எடை மேலாண்மைச் சேவைகளில் மட்டும், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. நிறுத்தினால் திரும்பும் என்று காட்டும் ஆய்வு கையில் இருந்தபோதே இந்த வரம்பு வந்தது. அந்தச் சேவைகளே பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் நோயாளியை வைத்துக்கொள்வதில்லை, செலவுக் கணக்கும் அதை வைத்தே போடப்பட்டது. காரணம் புரிகிறது, ஆனாலும் ஏற்க முடியவில்லை. 2024 டிசம்பரில் டிர்ஸெபடைட்டுக்குப் பரிந்துரை வந்தபோது அப்படிக் கால வரம்பு வைக்கவில்லை. அது சரியான திருத்தம்.

அமெரிக்காவில் வரம்பை விதித்தது தட்டுப்பாடு. ஊசிக் குழாயில் மருந்து நிரப்பித் தந்த ஒப்பந்த ஆலை 2021 டிசம்பரில் தரப் பிரச்சினையால் நின்றுபோக, வெகோவி சந்தைக்கு வந்த ஆறே மாதத்தில் தட்டுப்பாடு தொடங்கியது. 2022 முதல் 2025 பிப்ரவரி வரை செமாகுளுடைட் எஃப்.டி.ஏ.வின் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்தது. அளவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு அடுத்த அளவுக்கான ஊசிப் பேனா கிடைக்காது. நீரிழிவுக்காக ஓஸெம்பிக் போட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை. காப்பீடு பாதியில் கைவிட்டவர்கள் தனி. அந்த இடைவெளியில் போலிகள் நுழைந்தன. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி ஓஸெம்பிக் பற்றி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. விலை, தட்டுப்பாடு, குமட்டல் என்று காரணம் எதுவானாலும், நீரிழிவு இல்லாமல் இந்த மருந்துகளைத் தொடங்கிய அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். அந்த 228 பேருக்கு ஆய்வுக்கூடத்தில் நடந்தது இவர்களுக்கு வீட்டில் நடக்கிறது, அளந்து பார்க்க ஆள் இல்லாமல்.

தொடர்ந்து போட்டவர்களுக்குக் கிடைப்பது எடைக் குறைவு மட்டுமில்லை என்பதும் இப்போது தெரியும். 'செலக்ட்' ஆய்வில் 41 நாடுகளில் 17,604 பேர். எல்லோருக்கும் ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோய் உண்டு, நீரிழிவு கிடையாது. ஏறத்தாழ 40 மாதம் கவனித்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து வெற்று ஊசிப் பிரிவில் 8.0 சதவீதம், மருந்துப் பிரிவில் 6.5 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2024 மார்ச்சில் எஃப்.டி.ஏ. இந்தப் பயனுக்கும் அனுமதி தந்தது. பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் இந்த ஆய்வில் 16.6% என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நிறுத்தும்போது எடையைத் தக்கவைக்க வழியே இல்லையா? கோபன்ஹேகனில் சிக்னே டோரெகோவின் குழு செய்த ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. குறைந்த கலோரி உணவால் எடை குறைந்த 195 பேரை எடுத்து, ஓராண்டு சிலருக்கு லிராகுளுடைட், சிலருக்குக் கண்காணிப்போடு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. எல்லாம் நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு அதிகம் ஏறியிருந்தது. மருந்தோடு பயிற்சியும் செய்தவர்கள் கூடுதலாகத் தக்கவைத்திருந்தார்கள். பயிற்சி தசையையும் காக்கும். ஊசி போடும் காலத்தைத் தசைப் பயிற்சிக்கான காலமாகவும் பார்க்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கம்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பி.எம்.ஐ. 25ஓ அதற்கு மேலோ. அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களில் 30.9%. ஐந்தாறு ஆண்டில் இவ்வளவு ஏற்றம். சென்னையின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்றும், வயிற்றுப் பருமன் 39.5% பேருக்கு என்றும் 2023இல் சொன்னது. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் பெரிது என்கிற நம் உடல்வாகுக்கு, பி.எம்.ஐ. 23இலேயே ஆபத்து தொடங்குகிறது. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை.

அதனால் ஸ்டெப் 1இன் எண்களை அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது. அதில் இருந்தவர் 105 கிலோ, நீரிழிவு இல்லாதவர். நம் மருத்துவரிடம் வருபவர் 78 கிலோ, பத்து ஆண்டு சர்க்கரை உள்ளவர். நீரிழிவு உள்ளவர்களிடம் செய்த ஸ்டெப் 2இல் அதே 2.4 மில்லிகிராம் தந்த குறைவு 9.6%தான். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்த ஸ்டெப் 6இல் 13.2%. சர்க்கரைக்காரர் ஒருவர் "இன்ஸ்டாகிராமில் 20 கிலோ என்றார்களே" என்று ஏமாந்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்தியாவில் டிர்ஸெபடைட் 'மவுன்ஜாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சில் வந்தது. அப்போது ஒரு வாரத்துக்கான 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வெகோவி ஜூனில் வந்தது. தொடக்க அளவுகளுக்கு அப்போது மாதம் 17,345 ரூபாய். நவம்பரில் விலையை 37% வரை குறைத்தார்கள். இங்கே செமாகுளுடைட்டின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதும், உள்நாட்டு நிறுவனங்கள் வரிசையில் நின்றதும் அந்தக் குறைப்புக்குப் பின்னால் இருந்தன. விலை இறங்குவதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆண்டுக்கணக்கில் போட வேண்டிய மருந்து நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் இருந்தால், அரைகுறையாகப் போட்டு நிறுத்துவதுதான் நடக்கும். விலை இறங்கும்போது ஒரு ஆபத்தும் கூடவே வரும்: கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது என்று மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவது. அவர்களுக்குத் தசை போகும், எடை திரும்பும்போது திரும்புவதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

யார் போடக் கூடாது, எங்கே கவனம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகலாம். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாகுளுடைட்டை நிறுத்த வேண்டும். டிர்ஸெபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம். திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் நரம்புக்கு இரத்த ஓட்டம் குறையும் நைஆன் என்ற பாதிப்பை மிக அரிதான பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் சேர்த்தது. பத்தாயிரத்தில் ஒருவர் வரை.

உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த மருந்துகளைப் பெரியவர்களின் பருமனுக்கு நீண்டகாலச் சிகிச்சையாகவே, நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. நம் மருத்துவமனைகளில் இதை எப்படி நடைமுறையாக்கலாம்? தொடக்க நாளிலேயே எடையோடு இடுப்புச் சுற்று, இரத்த அழுத்தம், எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கைப்பிடி வலு எல்லாவற்றையும் குறித்துவைக்கலாம். வீட்டில் உண்ணும் பருப்பு, முட்டை, மீனில் புரதம் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம், ஏனென்றால் பசி குறையும்போது அதுவும் குறைந்துவிடலாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியை மருந்துச் சீட்டிலேயே எழுதலாம். இரண்டு ஆண்டுச் செலவை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லலாம். பணமோ பக்கவிளைவோ காரணமாக நிறுத்த நேர்ந்தால் நோயாளியை அதோடு அனுப்பிவிடாமல், அடுத்த ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை வரச் சொல்ல வேண்டும். ஊசியின் போது குறைத்த பிரஷர் மாத்திரையை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். ஸ்டெப் 1இன் நீட்சியில் முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது இரத்த அழுத்தம்தான், அது ஏறுவது நோயாளிக்குத் தெரியவும் தெரியாது.